லோடு பிக்கப் எஞ்சின்: பெங்களூர் ஓட்டத்துக்கு எது தாங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளிப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக லோடு வண்டி எஞ்சின் வேலை செய்கிறேன். ஷெட்டுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் நம்ம ஆட்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்து இங்கே வண்டி ஓட்டுகிறவர்கள். சிட்டி மார்க்கெட்டுக்குப் பூ, சிங்கேன அக்ரஹாரத்துக்குப் பழம், பொம்மசந்திராவிலிருந்து பெட்டிச் சரக்கு என்று ஆளுக்கு ஒரு ஓட்டம். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வண்டிக்குத் தவணை கட்டுகிற வீட்டில் அடுப்பு எரிவது அந்த எஞ்சினை நம்பித்தான். அதனால் அவசரமாக வாயில் சொல்வதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

அண்ணா, எந்தக் கம்பெனி எஞ்சின் நல்லது? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொன்னால் அது உங்களுக்குச் செய்கிற துரோகம். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? அதில் சிக்னல் சிக்னலாக நின்று ஓடுவது எவ்வளவு? ஏற்றுவது உண்மையில் எத்தனை கிலோ?

ஒரே மாடல், ஒரே மாதம் டெலிவரி எடுத்த இரண்டு வண்டிகள் என்னிடம் வந்துகொண்டிருந்தன. ஒன்று ராத்திரி ஒன்றரை மணிக்கு ஓசூரில் ரோஜா ஏற்றி, விடியுமுன் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பிவிடும். இன்னொன்று எச்எஸ்ஆர், கோரமங்களா பக்கம் பார்சல் வண்டி. ஒரு நாளைக்கு நாற்பது இடத்தில் நிற்கும். மூன்றாவது வருஷம் முடிகிறபோது பூ வண்டிக்கு ஆயில், ஃபில்டர், டயர் தவிர வேறு செலவில்லை. பார்சல் வண்டிக்கு இரண்டு தடவை கிளட்ச் மாற்றியாயிற்று. புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்புகிற இஜிஆர் வால்வு கரி அடைத்து, செக் லைட் எரிந்து, எஞ்சின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்கிற லிம்ப் மோடில் ஊர்ந்து வந்தது. டிரைவர் சரியில்லை என்று நினைக்காதீர்கள். இரண்டு பேரில் அவர்தான் பொறுமையாக ஓட்டுகிறவர். ஓட்டம்தான் வேறு.

எஞ்சினை ஓட்டத்தோடு சேர்த்துத்தான் எடை போட வேண்டும். கீழே வருகிற பதில் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

எச்பி ஜாஸ்தின்னா இழுவை ஜாஸ்தி தானே?

இல்லை. இந்த ஒரு தவறான நம்பிக்கையால் எத்தனையோ பேர் தப்பான வண்டி எடுத்திருக்கிறார்கள்.

வீல் நட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் அசையவில்லை என்றால் பைப் மாட்டி நீளமாக்குகிறோம் இல்லையா, அந்தத் திருகு விசைதான் டார்க். என்எம் என்று போட்டிருப்பார்கள். அந்தத் திருகலை நிமிஷத்துக்கு எத்தனை முறை செய்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருவது எச்பி.

மாருதி சூப்பர் கேரி பெட்ரோலையும் டாடா இன்ட்ரா வி50 டீசலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட 80 எச்பி. ஆனால் சூப்பர் கேரியின் டார்க் 104 என்எம், வி50-க்கு 220 என்எம். ஒன்று முக்கால் டன்னுக்குள் ஏற்றுவதற்கு, மற்றது ஒன்றரை டன்னுக்கு. எச்பியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று என்று தோன்றிவிடும்.

கணக்கு வேண்டுமென்றால் இது: டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட். 200 என்எம் கொடுக்கிற எஞ்சின் 1800 ஆர்பிஎம்மில் ஓடும்போது கிடைப்பது சுமார் 37.7 கிலோவாட், அதாவது 51 எச்பி. சில்க் போர்டு சிக்னலில் லோடோடு கிளம்புகிற நேரத்தில் உங்களிடம் இருப்பது அவ்வளவுதான். விளம்பரத்தில் போட்ட 80 எச்பி மூவாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல்தான் வரும். லோடு வண்டியை அந்த வேகத்துக்கு யார் முறுக்குகிறார்கள்?

அதனால் ஷோரூமில் இப்படிக் கேளுங்கள்: "முழு டார்க் எத்தனை ஆர்பிஎம்மில் ஆரம்பிக்கிறது, எதுவரை நிற்கிறது?" 1500-க்குப் பக்கத்தில் ஆரம்பித்தால் சிட்டிக்கு நல்லது. கிளட்ச் பிளேட்டும் அதிக நாள் வரும்.

பொலிரோ, இன்ட்ரா, தோஸ்த் மூணையும் ஒப்பிட்டுச் சொல்லுங்க.

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும்.

மஹிந்திரா பொலிரோ பிக்கப், அதற்குப் பின் 2022-இல் வந்த பொலிரோ மேக்ஸ் பிக்கப் இரண்டிலும் டீசல் எஞ்சின் 2523 சிசி, நான்கு சிலிண்டர். டார்க், வகையைப் பொறுத்து சுமார் 200 முதல் 220 என்எம். டாடா இன்ட்ரா வி50-இல் 1496 சிசி, நான்கு சிலிண்டர், 220 என்எம். அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-இல் வந்தது, நம்ம ஓசூரில் செய்த வண்டி. அதிலும் 2020-இல் வந்த படா தோஸ்திலும் இருப்பது ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த படா தோஸ்துக்கு 80 எச்பி, 190 என்எம்.

பொலிரோ மேக்ஸின் பெரிய வகையும் வி50-யும் ஒரே 220 என்எம் தருகின்றன. ஆனால் ஒன்று இரண்டரை லிட்டர், மற்றது ஒன்றரை லிட்டர். ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு எவ்வளவு டார்க் என்று பார்த்தால் பொலிரோவில் சுமார் 87, படா தோஸ்தில் 128, வி50-இல் 147. சின்ன எஞ்சின் அதே வேலையைச் செய்ய டர்போ அதிகக் காற்றை அழுத்தித் தர வேண்டும், சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், சூடும் கூடும்.

அப்படியானால் சின்ன எஞ்சின் கெட்டுப்போகுமா? அப்படிச் சொல்ல மாட்டேன். டொயோட்டா ஹைலக்ஸ் மேனுவல் கியர் வகையில் இதே கணக்கு 150-க்கு மேல் வரும், இசுசு வி-கிராஸ் 1.9-இல் 190-ஐத் தொடும். அந்த அழுத்தத்துக்கு ஏற்ற பிளாக், பிஸ்டன், பேரிங் போட்டுத்தான் செய்கிறார்கள். ஆனால் லிட்டருக்கு டார்க் அதிகமான எஞ்சின் அலட்சியத்தை மன்னிக்காது. ஆயில் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போனால், ஏர் ஃபில்டர் அடைத்தால், கூலன்ட் குறைந்தால் பெரிய எஞ்சின் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும். சின்னது உடனே காட்டிவிடும்.

சின்ன எஞ்சினுக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. எடை குறைவு, உராய்வு குறைவு, காலியாகத் திரும்புகிற ஓட்டத்தில் டீசல் மிச்சம். தினம் பாதி தூரம் காலியாக ஓடுகிறவருக்கு அது பெரிய பணம்.

என் தீர்ப்பு இது. தினம் முழு லோடு, ஏற்றம், மோசமான ரோடு, வேறு வேறு டிரைவர் கை மாறும் என்றால் பெரிய கொள்ளளவு எஞ்சின் எடுங்கள். சொந்தமாக ஓட்டுகிறீர்கள், சர்வீஸ் தேதி தவறாது, ஒரு டன்னைச் சுற்றித்தான் லோடு என்றால் ஒன்றரை லிட்டர் போதும். மூன்று சிலிண்டரில் ஐடிலிங்கில் கொஞ்சம் உதறல் இருக்கும். அதைப் பார்த்து எஞ்சின் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், உதறல் திடீரென்று கூடினால் மட்டும் எஞ்சின் மவுன்டிங்கைப் பாருங்கள்.

ஸ்பேர் விஷயத்தில் மூன்றுக்கும் ஜேசி ரோட்டிலும் கலாசிபாளையத்திலும் அலைய வேண்டியதில்லை, காலையில் போனால் மதியத்துக்குள் கிடைத்துவிடும். ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வாடகை போகிறது. அதையும் எஞ்சினின் நம்பகத்தில் ஒரு பகுதியாகத்தான் நான் வைக்கிறேன்.

ஊர்ல நல்லா இழுத்த வண்டி பெங்களூர் வந்ததும் மந்தமா இருக்கே?

உங்கள் நினைப்பு சரிதான், பிரமை இல்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும். டர்போ டீசலில் இது பெரிதாகத் தெரியாது, குறைந்த காற்றை டர்போ அழுத்தி ஈடுகட்டிவிடும்.

பெட்ரோல், சிஎன்ஜி சின்ன வண்டி எடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் வைக்க வேண்டும். சிஎன்ஜியில் வாயு உள்ளே போகிற இடத்தில் காற்று குறைவதால் அங்கேயும் சுமார் பத்து சதவீதம் போகும். சூப்பர் கேரியிலேயே பெட்ரோலில் 104 என்எம், சிஎன்ஜியில் 95. உயரமும் சேர்ந்தால் மேம்பாலம் ஏறும்போது செகண்ட் கியர்தான்.

பிஎஸ்6 வண்டியில டிபிஎஃப் அடைக்குதுன்னு பயமா இருக்கு. பழைய பிஎஸ்4 வாங்கிடலாமா?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 வந்தது. புகையில் இருக்கும் கரியைப் பிடிக்க சைலன்சர் வழியில் ஒரு வடிகட்டி வைத்தார்கள், அதுதான் டிபிஎஃப். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குப் புகை சுமார் 600 டிகிரி வரை சூடாக வேண்டும். ஹைவேயில் ஓடுகிற வண்டியில் இது தானாக நடந்துவிடும், டிரைவருக்குத் தெரியவே தெரியாது. சிட்டிக்குள் ஐந்து நிமிஷம் ஓடி, பத்து நிமிஷம் நின்று, சாவியை அணைத்துவிட்டு இறக்கப் போகிற வண்டியில் எரிப்பு பாதியில் நிற்கும். மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிற்கும்.

இதில் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. எரிப்புக்காக அதிகமாகத் தெளித்த டீசல், பாதியில் நின்றால் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். ஒரு தம்பி சந்தோஷமாக வந்து சொன்னார்: "அண்ணா, என் வண்டி ஆயிலே குடிக்கல, மேல மார்க்குக்கும் மேல நிக்குது." குச்சியை உருவி விரலில் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி வழிந்தது, முகர்ந்தால் டீசல் நாற்றம். அந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. அன்றைக்கே மாற்றினோம், எஞ்சின் தப்பித்தது. ஆயில் மட்டம் ஏறுவது இறங்குவதைவிட மோசம்.

என்ன செய்யலாம்? முதலில் உங்கள் மாடலில் டிபிஎஃப் இருக்கிறதா, அதற்கான விளக்கு எப்படி இருக்கும் என்று கையேட்டில் பாருங்கள். விளக்கு எரிந்தால் விடியற்காலையில் நைஸ் ரோடோ, சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரையிலான பத்து கிலோமீட்டர் மேம்பாலமோ ஏறி, நிற்காமல் இருபது நிமிஷம் நாலாவது கியரில் ஓட்டுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். டிபிஎஃப் வண்டிக்கு என்று குறிப்பிட்ட ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். சாதா ஆயில் எரிந்து வருகிற சாம்பலை எந்த எரிப்பாலும் நீக்க முடியாது.

வடிகட்டியை உடைத்து எடுத்துவிட்டு சாஃப்ட்வேரில் அணைத்துத் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். சட்டப்படி தப்பு, எமிஷன் டெஸ்டில் மாட்டும். அதைவிட முக்கியம், அந்தப் புகையை முதலில் சுவாசிக்கப் போவது மார்க்கெட்டில் உங்கள் வண்டிக்குப் பின்னால் நின்று மூட்டை இறக்குகிற நம்ம ஆட்கள்தான்.

பிஎஸ்4 வாங்கலாமா என்றால், நல்ல எஞ்சினாக இருந்து, ஓட்டம் முழுக்க சிட்டிக்குள் என்றால் வாங்கலாம். ஆனால் 2020-க்கு முந்தைய வண்டி என்பதால் எஃப்சி (தகுதிச் சான்று) செலவைக் கணக்கில் எடுங்கள். எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம்.

யூரியா தீர்ந்துட்டா தண்ணி ஊத்தி ஓட்டலாமா?

கூடாது. சில பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றுகிற திரவத்தைத்தான் யூரியா என்கிறோம். அந்தத் திரவத்தில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த நீர். குழாய்த் தண்ணீர் பட்டால் தெளிக்கும் நாசில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். டீசல் டேங்கில் தவறி ஊற்றிவிட்டால் சாவியைப் போடவே வேண்டாம், இழுத்துக்கொண்டு வாருங்கள்.

ஓவர்ஹீட் ஆகி ஹெட் போச்சு. எஞ்சின் தரமில்லையா?

போன வெயில் காலத்தில் தக்காளி லோடோடு ஒரு வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கிற ஹெட் வளைந்து, அதற்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் எரிந்திருந்தது. டிரைவர் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் இறுகி, ஓரம் வெடித்திருந்தது. ஸ்பிரிங்கைச் சுற்றி, வெந்நீர் காய்ச்சுகிற அண்டாவின் அடியில் படிவது போல வெள்ளை உப்பு. அதுவரை போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

பெங்களூர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் அந்தக் கொதிநிலை 115, 120 என்று ஏறும். மூடி விட்டுவிட்டால் நெரிசலில் நிற்கும்போதே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். மூடியின் விலை முந்நூறு ரூபாய்க்குள். ஹெட்டை இறக்கி, அதன் முகத்தைச் சமமாகச் சீவி, கேஸ்கெட் போட்டு முடிக்கும்போது அந்த மனிதருக்கு இரண்டு மாதத் தவணைப் பணம் போனது. பத்து நாள் வாடகையும் போனது. அவர் முகத்தை இப்போதும் மறக்க முடியவில்லை.

கூலன்ட்டைக் கலந்து விற்பதாகவே வாங்குங்கள். அடர்த்தியானதை வாங்கினால் காய்ச்சி வடித்த நீரில் கலக்குங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மூடியையும் மாற்றிவிடுங்கள். முள் சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டுங்கள், "அடுத்த பங்க் வரைக்கும்" என்று ஓட்டாதீர்கள். அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் ஹெட் வளைகிறது.

ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு மாத்தணும்?

கையேடு சொல்வதை மீற வேண்டாம். ஆனால் எஞ்சின் கிலோமீட்டரால் தேய்வதில்லை, ஓடுகிற மணி நேரத்தால் தேய்கிறது. டாம்டாம் நிறுவனம் 2022-க்குச் சொன்ன கணக்குப்படி பெங்களூர் நடுவில் 10 கிலோமீட்டர் போக 29 நிமிஷத்துக்கு மேல் ஆனது. அதாவது மணிக்கு இருபது கிலோமீட்டர். இந்த வேகத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் என்றால் 500 மணி நேரம். சேலம் ஹைவேயில் ஐம்பதில் ஓடுகிற வண்டிக்கு அதே பத்தாயிரம் 200 மணி நேரம்தான். சிட்டி வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் சொல்வது, கையேட்டில் கடின ஓட்டத்துக்கு என்று போட்டிருக்கும் குறைந்த கணக்கைப் பின்பற்றுங்கள்.

டர்போ வண்டியை நிறுத்தினதும் அணைக்கலாமா?

ஏற்றம் ஏறி, ஹைவே ஓடி வந்தால் ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள். டர்போவின் பேரிங்கில் நிற்கிற ஆயில் கருகாமல் இருக்கும். மார்க்கெட்டுக்குள் ஊர்ந்து வந்த வண்டிக்கு அது தேவையில்லை.

ஒன்றரை டன் வண்டியில மூணு டன் ஏத்தறாங்களே, எஞ்சின் தாங்குதே?

எஞ்சின் தாங்குகிறது, உண்மை. முதலில் போவது கிளட்ச், அப்புறம் பின் ஆக்சிலில் இருக்கிற கிரவுன் பினியன் பல்சக்கரம், அப்புறம் பின் ஆக்சில் பேரிங். ஆனால் நான் பயப்படுவது பிரேக்குக்கு. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் இறங்குகிறோமே, அங்கே டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நியூட்ரலில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, முழுப் பாரமும் பிரேக் லைனிங் மேல். மிச்சம் ஆவதும் பொய். கம்ப்யூட்டர் டீசல் தெளிப்பைக் கட்டுப்படுத்துகிற காமன் ரெயில் எஞ்சினில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால் நாசில் டீசல் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எரிந்துகொண்டிருக்கும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

எலக்ட்ரிக் எடுக்கலாமா?

நாளைக்கு எண்பது கிலோமீட்டருக்குள், ஒரே ஏரியா, ராத்திரி சார்ஜ் போட சொந்த இடம் இருந்தால் தாராளமாக. நின்று நின்று போகிற ஓட்டம் டீசலைக் கொல்லும், மோட்டாரை ஒன்றும் செய்யாது. 2022-இல் வந்த டாடா ஏஸ் இவி 130 என்எம் தருகிறது, அதுவும் நின்ற இடத்திலிருந்தே. 2005-இல் வந்த முதல் ஏஸின் 702 சிசி டீசலுக்கு 16 எச்பிதான், அதை வைத்தே எத்தனை குடும்பம் தலையெடுத்தது! முதலில் நான் சொன்ன அந்தப் பார்சல் வண்டிக்காரர் இன்று கேட்டால் எலக்ட்ரிக்தான் எடுக்கச் சொல்வேன். ஓசூர் தாண்டிப் போகிறவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

ஹைலக்ஸ், வி-கிராஸ் பத்தி?

அருமையான எஞ்சின்கள். ஹைலக்ஸ் நம்ம பிடதியில்தான் தயாராகிறது. 2.8 லிட்டர், 204 எச்பி, ஆட்டோமேட்டிக்கில் 500 என்எம். ஆனால் வாடகை ஓட்டிச் சம்பாதிக்கிற கணக்குக்கு அந்த விலை ஒத்துவராது.

செகண்ட் ஹேண்ட்ல எஞ்சினை எப்படிப் பார்க்கறது?

காலையில் போங்கள், வருவதைச் சரியான நேரம் சொல்லாமல் போங்கள். முதல் வேலை, பானட் திறந்து எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற விதம்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் நாசிலிலோ கம்ப்ரஷனிலோ கோளாறு. கூலன்ட் குறைந்துகொண்டே வந்து வெள்ளைப் புகையும் வந்தால் ஹெட் கேஸ்கெட்.

அப்புறம் எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகிக் கழற்றி, அதே துளை மேல் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. குதித்துக் கீழே விழுந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது, ரிங் தேய்ந்துவிட்டது. மூடியின் உள்பக்கம் மோர் நுரை மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூட்டிப் போய் ஒவ்வொரு நாசிலுக்கும் கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டிக் குறைக்கிற கரெக்‌ஷனையும் படிக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றதிலிருந்து விலகி நின்றால் விலையில் அந்த நாசில் பணத்தைக் குறைத்துப் பேசுங்கள்.

ரெண்டரை லட்சம் கிலோமீட்டர் ஆச்சு, புகை வருது. எஞ்சின் வேலை பார்க்கவா, வித்துடவா?

ஹெட்டை இறக்காமல் யார் தொகை சொன்னாலும் நம்பாதீர்கள். சில சமயம் வெறும் வால்வ் சீல்தான் கெட்டிருக்கும். இறக்கிய பிறகு சிலிண்டர் போரை (உள் விட்டத்தை) அளந்து பார்க்கட்டும், க்ராங்கை அளந்து பார்க்கட்டும். க்ராங்க் நன்றாக இருந்து, ரிங், பேரிங், ஸ்லீவ் மட்டும் என்றால் வேலை பாருங்கள், ஒழுங்காகச் செய்தால் இன்னும் ஒரு லட்சம் நிச்சயம் ஓடும். க்ராங்கும் போய், சேஸிஸில் துருவும் ஏறி, எஃப்சியும் பக்கத்தில் வந்துவிட்டது என்றால் விற்றுவிடுங்கள்.

வேலை பார்ப்பதாக முடிவெடுத்தால், ஹெட் இறக்குகிற அன்று ஓட்டத்தை விட்டுவிட்டு ஷெட்டில் வந்து நில்லுங்கள். கழற்றிய பழைய ரிங், பேரிங் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். நான் கேட்காமலேயே தருவேன். வேறு எங்கே போனாலும் கேட்டு வாங்குங்கள்.